முயல் ‘பொசுக்கென்று’ சாவதில்லை

முயலைப் பற்றி நம் ஊரில் இரண்டு கருத்துகள் உண்டு. வளர்க்க எளிய பிராணி என்பது ஒன்று. பொசுக்கென்று செத்துப்போகும் பிராணி என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்பவர் பெரும்பாலும் ஒரே ஆள். வாங்கும்போது முதலாவதைச் சொல்வார், புதைக்கும்போது இரண்டாவதைச் சொல்வார். வளர்க்க எளிதான ஓர் உயிர் ஏன் ஆறு மாதத்தில் சாக வேண்டும் என்று அவரை யாரும் கேட்பதில்லை. முயலின் ஆயுள் 8 முதல் 12 ஆண்டுகள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கித் தரும் முயல், அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகும்வரை உயிரோடு இருக்க வேண்டியது. அப்படி இருந்த முயலை நம் தெருவில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இரண்டு கருத்துமே பொய் என்பது என் வாதம். அதைவிட முக்கியம், இரண்டாவது பொய் முதல் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்பது. ‘அதோட சுபாவமே அப்படித்தான்’ என்று சொல்லிவிட்டால் வளர்த்தவர் பிழை என்று எதுவும் மிஞ்சாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஜோடி வாங்கலாம்.

எதிர்த்தரப்பை அதன் பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் திரேஸ்புரத்திலோ முத்தையாபுரத்திலோ நெருக்கமான வாடகை வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு நாய் வளர்ப்பது லேசல்ல. குரைத்தால் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள். கடித்தால் ஊசி போட ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும். வீட்டுக்காரரும் சம்மதிக்க மாட்டார். பூனை என்றால் காய வைத்த கருவாடு தப்பாது. முயல் குரைக்காது, மீன் கேட்காது, சில நூறு ரூபாய்க்கு ஜோடியாகக் கிடைக்கும், இரண்டடிக் கூண்டில் அடங்கிவிடும். பிள்ளைகளும் செல்போனைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்காருகிறார்கள். இதைவிட வேறென்ன வேண்டும் என்கிறார்கள்.

இவற்றில் பல உண்மை. முயல் குரைப்பதில்லை. விலை குறைவுதான். பிள்ளைகள் ஓர் உயிரோடு பழகி வளர வேண்டும் என்ற ஆசையும் நல்ல ஆசை. ஆனால் இவை எல்லாம் வளர்ப்பவருக்கு என்ன வசதி என்ற கணக்கு. முயலுக்கு என்ன தேவை என்ற கணக்கு இதில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

1. சத்தம் போடாததெல்லாம் சுகமாக இருக்கிறதா?

முயல் இரை விலங்கு. நோவைக் காட்டிக்கொள்ளும் முயலைத்தான் நரியும் பருந்தும் முதலில் தூக்கும். அதனால் வலியை ஒளித்துக்கொள்வது அதன் ரத்தத்தில் ஊறிய தற்காப்பு. நாய்க்கு வயிறு வலித்தால் முனகும், சுற்றிச் சுற்றி வரும், வீட்டையே எழுப்பிவிடும். முயலுக்கு வயிறு வலித்தால் மூலையில் ஒடுங்கி உட்காரும், கண்ணைப் பாதி மூடும், பல்லை நறநறவென்று கடிக்கும். நாம் அதைப் பார்த்து ‘எவ்வளவு சாதுவா இருக்கு’ என்கிறோம்.

முயலின் குடல் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியது. ஓட்டம் நின்றால் வாயு கட்டும், வலியில் தீனி எடுக்காது, தீனி எடுக்காததால் குடல் இன்னும் இறுகும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. பன்னிரண்டு மணி நேரம் முயல் எதுவும் தின்னவில்லை என்றால் அது அவசரம். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ‘நேத்து ராத்திரிகூட நல்லாத்தானே இருந்துச்சு’ என்று அழுபவர்களின் முயல் நேற்று ராத்திரி நன்றாக இருந்திருக்காது. முந்தின நாள் காலையிலிருந்தே செத்துக்கொண்டிருந்திருக்கும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க நாம் என்ன டாக்டரா என்று கேட்பார்கள். நீரின் நிறம் மாறுவதைப் பார்த்துச் சங்கு கிடக்கும் இடத்தைச் சொல்லும் குளியாட்கள் இருக்கிற ஊர் இது. கச்சான் காற்று திரும்புவதைக் கன்னத்தில் உணர்ந்து வலையைச் சுருட்டுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் ஊரில் ஒருவர் காலையில் குனிந்து முயல் புழுக்கையைப் பார்க்க முடியாதா? கொண்டைக்கடலை அளவில், உருண்டையாக, காய்ந்து, நிறையக் கிடந்தால் குடல் ஓடுகிறது. மிளகு அளவுக்குச் சிறுத்திருந்தாலோ, மயிரில் கோத்த மணிபோல ஒன்றோடொன்று தொங்கினாலோ, எண்ணிக்கை குறைந்திருந்தாலோ அது எச்சரிக்கை. இதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் தேவை என்பதையே ‘எளிய பிராணி’ என்ற சொல் மறைத்துவிடுகிறது.

2. கேரட்டும் முட்டைக்கோசும்தான் முயலின் உணவு என்று யார் சொன்னது?

கார்ட்டூன் படம் சொன்னது. கடைக்காரரும் அதையே சொல்கிறார்: “கேரட்டும் கோசும் போடுங்க அண்ணாச்சி, போதும். தண்ணியே வைக்கண்டாம், குடிச்சா வயித்தால போயிரும்.” ஒரே மூச்சில் இரண்டு ஆபத்தான ஆலோசனைகள்.

முயலுக்கு 28 பற்கள். எல்லாமே ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் மட்டும் வாரத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளரும். இவற்றைத் தேய்ப்பது புல். நார் மிகுந்த புல்லை மணிக்கணக்கில் பக்கவாட்டில் அரைத்துத் தின்பதற்கென்றே அந்த வாய் அமைந்திருக்கிறது. கேரட் இனிப்பு, நான்கு கடியில் முடிந்துவிடும். புல் இல்லாமல் கேரட், பிஸ்கட், சோறு, கடையில் விற்கும் தீவன உருண்டை என்று வளர்த்தால் கடைவாய்ப் பல் கூராக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் அறுக்கும். பசி இருக்கும், தட்டருகே வரும், முகர்ந்துவிட்டுத் திரும்பும். ‘திமிர் பிடிச்சிருக்கு, கேரட்டுகூட வேண்டாமாம்’ என்போம். உள்ளே நாக்கு புண்ணாகிக் கிடக்கும்.

தின்பதில் பெரும்பங்கு, ஐந்தில் நான்கு பங்கு, புல்லாக இருக்க வேண்டும். வெளிநாட்டுத் திமோத்திப் புல்லைப் பொட்டலத்தில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அருகம்புல் இருக்கிறது, கொழுக்கட்டைப்புல் இருக்கிறது, மாட்டுக்கு வளர்க்கிற கம்பு நேப்பியர் ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் கிடைக்கிறது. பூச்சிமருந்து அடிக்காத இடத்தில், நாய் ஒதுங்காத இடத்தில் அறுத்து, பச்சை நிறம் போகாமல் நிழலில் உலர்த்தினால் போதும். பூஞ்சை பிடித்ததை மட்டும் தொடக் கூடாது. மேலுக்குக் கொஞ்சம் கொத்தமல்லித் தழை, புதினா, முள்ளங்கி இலை. கேரட் வாரத்தில் இரண்டு மூன்று துண்டு, ஆசைக்கு.

தண்ணீர்க் கதைக்கு வருவோம். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லி வரை முயல் தண்ணீர் குடிக்கும். வெயிலில் இன்னும் கூடும். மலையில், குளிரில், பனி ஈரத்தோடு பச்சைப்புல் தின்னும் முயல் குறைவாகக் குடிப்பதைப் பார்த்து யாரோ சொன்னது, வெயிலில் காயும் இந்தக் கடற்கரையில் விதியாகிவிட்டது. தண்ணீர் இல்லாத முயல் தீனியைக் குறைக்கும். குடலில் இருப்பது காய்ந்து இறுகும். மேலே சொன்ன சாவு தொடங்கும். வயிற்றுப்போக்கு வருவது தண்ணீரால் அல்ல, அழுக்குத் தண்ணீராலும் திடீரென்று மாற்றிய தீனியாலும். உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீரும் வேண்டாம். நாம் குடிக்கும் தாமிரபரணித் தண்ணீரையே, கனமான மண்சட்டியில், காலையும் மாலையும் மாற்றி வையுங்கள்.

3. மொட்டைமாடிக் கூண்டு வீடா, அடுப்பா?

தமிழ்நாட்டில் முயல் வளர்ப்புக்கு நிலைத்த பெயர் பெற்ற ஆராய்ச்சி நிலையங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கிறது. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் சாண்டிநல்லா நிலையம் நீலகிரியில் இருக்கிறது. அங்கே பெருக்கிய இனங்கள் ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா. வீட்டு முயல் எல்லாவற்றுக்கும் மூலமான காட்டு முயலின் தாயகமோ ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். அதுகூட வெயில் நேரத்தில் மண்ணுக்கடியில் வளையில்தான் கிடக்கும்.

இந்த உயிரைக் கொண்டுவந்து தூத்துக்குடி மொட்டைமாடியில், தகரக் கூரைக்கு அடியில் வைக்கிறோம். முயலுக்கு வியர்க்காது. நாயைப் போல இளைத்து வெப்பத்தைத் தள்ளவும் அதற்குத் திறன் போதாது. காதுகளின் ரத்தக்குழாய் வழியாகத்தான் உடம்புச் சூட்டை இறக்கும். சுற்றியுள்ள காற்றே சூடாக இருந்தால் அதுவும் நடக்காது. 30 பாகை செல்சியஸைத் தாண்டினாலே அது திணறும். இங்கே கோடைப் பகல் 35ஐ எளிதாகத் தாண்டுகிறது, கடற்கரை ஈரப்பதம் வேறு. கச்சான் அடிக்கிற மாதங்களில் உப்பளப் புழுதியோடு காற்றே அனலாக வீசும்.

சித்திரை மாதப் பகல் ஒன்றில் எங்கள் தெரு மாடியில் பார்த்தது இது. மீன்பெட்டியைக் கவிழ்த்து, முன்பக்கம் கம்பிவலை அடித்த கூண்டு. உள்ளே வெள்ளை முயல் பக்கவாட்டில் நீட்டிப் படுத்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூக்கைச் சுற்றி ஈரம். காதுகள் உள்பக்கம் சிவந்து கனன்றன. விலா படபடவென்று ஏறி இறங்கியது. “என்னடா இப்படிக் கிடக்கு?” என்று கேட்டேன். “அது ஒறங்குது மாமா” என்றான் பையன். மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி வாயைத் திறந்துவிட்டது என்றால் கடைசிக் கட்டம் நெருங்கிவிட்டது. பையன்மீது குற்றமில்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவன் அப்பாவுக்குக் கூண்டு விற்றவரும் சொல்லவில்லை.

அந்த நிலையில் செய்ய வேண்டியது நிழலுக்குக் கொண்டுபோய், காதுகளைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காற்று படவைத்து, மருத்துவரிடம் ஓடுவது. ஐஸ் தண்ணீரில் முக்கினால் அந்த அதிர்ச்சியிலேயே போய்விடும். அந்த நிலை வராமலிருக்கச் செய்ய வேண்டியது மிக எளிது: மாடியைவிட்டுக் கீழே இறக்குவது. வெயில் படாத அறை, ஓடு பதித்த தரை, மின்விசிறி, துணி சுற்றிய உறைந்த தண்ணீர் பாட்டில், ஒதுங்கிக்கொள்ளப் பக்கவாட்டில் கிடத்திய மண்பானை. இவ்வளவுக்கும் இடமில்லாத வீட்டில் முயலுக்கும் இடமில்லை.

கூண்டின் அளவிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. இரண்டடிக் கம்பிக் கூண்டு கறிப் பண்ணையின் கண்டுபிடிப்பு. அங்கே முயல் ஏறத்தாழ மூன்று மாதத்தில் வெட்டுக்குப் போய்விடும். மூன்று மாத ஆயுளுக்குச் செய்த கூண்டில் பத்து வருடம் வாழச் சொல்கிறோம். முயலுக்கு நாய், பூனைபோல உள்ளங்கால் மெத்தை கிடையாது, மயிர் மட்டும்தான். கம்பித் தரையில் மாதக்கணக்கில் நின்றால் மயிர் உதிர்ந்து, தோல் கிழிந்து, புண் எலும்புவரை போகும். பிரிட்டனின் முயல் நல அமைப்பு ஒரு ஜோடிக்குக் குறைந்தபட்சம் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் வேண்டும் என்கிறது. நம் வீடுகளில் அது நடக்காது என்றால், கூண்டை இரவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு பகலில் ஓர் அறையைத் திறந்துவிடலாம். மின்வயரைக் கடிக்கும், வயரை மேலே தூக்கிக் கட்டுங்கள்.

கீழே இறக்கினால் மழைக்கு என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதை இந்த மாவட்டம் மறக்காது. பூட்டிய கூண்டில் தரையில் இருக்கும் உயிருக்கு அப்படி ஒரு இரவில் நீந்தக்கூட வழியில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கையில் தூக்கிப் போகும் கூடை ஒன்று தயாராக இருக்க வேண்டும். யார் தூக்குவது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

4. குழந்தைக்கு நல்ல துணை என்கிறீர்களே, குழந்தை முயலுக்கு நல்ல துணையா?

பஞ்சுபோல இருப்பதால் மடியில் வைத்துக் கொஞ்சப் பிறந்தது என்று நினைக்கிறோம். தரையைவிட்டுத் தூக்கப்படுவது என்றால் முயலுக்குத் தெரிந்த ஒரே அர்த்தம் பருந்து. உதறும், பின்னங்காலால் எத்தும். அதன் பின்னங்கால் தசை பலம், எலும்போ மெல்லிசு. பூனையின் எடையில் 12, 13 சதவீதம் எலும்பு என்றால் முயலுக்கு 7, 8 சதவீதம்தான். சரியாகத் தாங்கிப் பிடிக்காவிட்டால் அது எத்தும் எத்திலேயே அதன் முதுகெலும்பு முறியும். பின்னங்கால் இரண்டும் விழுந்துவிடும். பிறகு அதற்குச் சிகிச்சை அநேகமாக இல்லை.

காதைப் பிடித்துத் தூக்குவதை இன்னும் சந்தையில் பார்க்கிறோம். சூட்டை இறக்கும் உறுப்பு அது, கைப்பிடி அல்ல. ஒரு கையை மார்புக்கு அடியிலும் மறு கையைப் பின்புறத்துக்கு அடியிலும் கொடுத்து, நம் உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை தூக்கவே வேண்டாம். தரையில் உட்கார்ந்து, முயல் தானாக வரும்வரை பொறுத்திருக்கட்டும். உண்மையில் பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டியதும் அதுதான். பிள்ளைக்காக வாங்கினோம் என்பவர்கள் புல் அறுப்பதையும் புழுக்கை பார்ப்பதையும் பிள்ளையிடம் விடக் கூடாது. பரீட்சை வந்தால் பிள்ளை மறக்கும். பெரியவர் பொறுப்பில்லாத வீட்டில் முயல் யார் பொறுப்பிலும் இல்லை.

5. ஜோடியாக வாங்கிவிட்டால் கடமை முடிந்ததா?

தனி முயல் வாடும் என்பது சரி. அது கூட்டமாக வாழும் பிராணி. ஆனால் கடைக்காரர் கையில் திணிக்கும் ‘ஜோடி’ என்பது பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த இரண்டு. குட்டியில் ஆண் பெண் தெரிவது பழகிய கைக்கே கடினம். இரண்டும் ஆண் என்றால் பருவம் வந்ததும் ஒன்றையொன்று குதறும். ஆணும் பெண்ணும் என்றால் இன்னும் சிக்கல். நான்கு முதல் ஆறு மாதத்தில் பருவம். சினைக்காலம் ஒரே மாதம். ஈன்ற மறுநாளே மறுபடி சினை பிடிக்கும். ஈற்றுக்கு ஆறு என்று குறைத்து வைத்து, வருடத்துக்கு ஐந்து ஈற்று என்று போட்டாலும் ஒரு ஜோடி ஓர் ஆண்டில் முப்பது குட்டி. அந்த முப்பதுக்கும் வீடு எங்கே இருக்கிறது? தெருவில் ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தால் அடுத்த வருடம் தெருவே முயல் கூண்டு.

ஈன்ற பிறகு இன்னொரு விபரீதம் நடக்கும். தாய் முயல் ஒரு நாளில் ஒன்றிரண்டு தடவைதான், அதுவும் சில நிமிடங்கள்தான், பால் கொடுக்கும். மற்ற நேரம் கூட்டைவிட்டு விலகியே இருக்கும். மோப்பம் பிடித்து வரும் எதிரியைக் குட்டியிடம் கூட்டிவராமலிருக்க அது செய்யும் தந்திரம் இது. நம்மவர்கள் இதைப் பார்த்து ‘தாய் ஒதுக்கிவிட்டது’ என்று குட்டிகளை எடுத்து ஃபில்லரில் பசும்பால் புகட்டுவார்கள். இரண்டு நாளில் குட்டிகள் போய்விடும். பழி தாயின்மேல்.

கருத்தடை அறுவைதான் ஒழுங்கான வழி. பெண் முயலுக்கு அது உயிர் காப்பதும்கூட. கருப்பை எடுக்காத பெண் முயல் நான்கு வயதைத் தாண்டினால் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். பாதிக்கு மேற்பட்டவற்றில் அதைக் கண்ட ஆய்வுகள் உண்டு. முயலுக்கு மயக்கமருந்து கொடுத்துப் பழகிய மருத்துவர் வேண்டும் என்பதால் அறுவைக்கு முன்பே விசாரிக்க வேண்டும். அது முடியாதவர்கள் ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் போடாமலிருக்கலாம்.

6. உடம்புக்கு வந்தால் வீட்டில் இருக்கிற மருந்து போதாதா?

போதும், கொல்வதற்கு. பிள்ளைக்குச் சளிக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பை முயலுக்கு வாய்வழி கொடுத்தால், குடலில் புல்லைச் செரிக்க வைக்கும் நல்ல கிருமிகள் அழிந்து, நச்சுக் கிருமிகள் பெருகி, சில நாளில் செத்துப்போகும். பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுக்கவே கூடாது. நாய்க்கு உண்ணி போக விடும் சொட்டு மருந்துகளில் ஃபிப்ரோனில் இருந்தால் அதுவும் முயலுக்கு விஷம். நம் ஊர் முயல்களுக்கு அடிக்கடி வரும் சொறிக்கு, காது நுனியிலும் மூக்கிலும் பொருக்குத் தட்டும் அந்தச் சொறிக்கு, வேப்பெண்ணெயும் மண்ணெண்ணெயும் தடவுபவர்கள் இருக்கிறார்கள். முயல் நாள் முழுக்கத் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. தோலில் தடவியது எல்லாம் வயிற்றுக்குள் போகும். சொறிக்குச் சரியான மருந்து உண்டு. எடைக்கு ஏற்ற அளவில் மருத்துவர் கொடுத்தால் சில வாரத்தில் ஆறிவிடும்.

கால்நடை மருந்தகங்களில் ஆடு, மாடு, கோழிக்குத்தான் பழக்கம் அதிகம் என்பது உண்மை. ஆனால் திருநெல்வேலி இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். ஐந்நூறு ரூபாய் முயலுக்கு ஆயிரம் ரூபாய் செலவா என்பவர், விலையையும் உயிரையும் ஒரே தராசில் வைக்கிறார். அந்தத் தராசு சரி என்றால் அவர் முயல் வளர்க்கவில்லை, முயல் செலவழிக்கிறார்.

7. விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளாதா?

தேரிக்காட்டில் விடலாம், முயல் தீவில் விடலாம், அங்கேதான் முயல் இருக்குமே என்கிறார்கள். தேரியிலும் வல்லநாட்டுப் பக்கத்திலும் ஓடும் நம் காட்டு முயல் வேறு பேரினம். அதன் குட்டி கண் திறந்து, மயிரோடு பிறக்கும். வீட்டு முயலின் குட்டி குருடாக, வெற்றுடம்போடு பிறக்கும். இரண்டும் கலந்து குட்டி போடவும் முடியாது. தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்த வெள்ளை முயல் செம்மண் தேரியில் அரை மைல் தூரத்துக்குத் தெரியும். தெருநாய்க்கு ஒரு வேளை தீனி.

தப்பித்தவறிப் பிழைத்தால்? 1859இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டை விளையாட்டுக்காக 24 முயல்களை விட்டார். பின்னாளில் அந்த நாடு முயலைத் தடுக்க 3,000 கிலோமீட்டருக்கு மேல் வேலி போட்டும் தோற்றது. ஆக, விட்ட முயல் சாகும், அல்லது விட்ட மண்ணைக் கெடுக்கும். மூன்றாவது முடிவு இல்லை. தவிர, பசியிலும் தாகத்திலும் வாடும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும், தீனியும் தண்ணீரும் கொடுக்காதிருப்பதும் அதே பிரிவில்தான் வருகின்றன. இன்னொரு பக்கம், நம் காட்டு முயலைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இனி, வழக்கமாக வரும் இரண்டு பதில்கள்.

கறிக்கு வெட்டுகிற பிராணிக்கு இவ்வளவு உபசாரமா என்பார்கள். கறிக்கு வளர்ப்பது நியாயமா என்பது தனி வழக்கு. ஆனால் வெட்டப்போகும் ஆட்டைக்கூடத் தாகத்தில் வாட்ட யாரும் உரிமை கேட்பதில்லை. 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், பசி தாகம், வசதிக்குறைவு, வலி நோய், அச்சம் ஆகியவற்றிலிருந்து விடுதலையும் இயல்பாக நடமாடும் விடுதலையும் விலங்குகளுக்கு உண்டு என்றது. காளைக்கு அந்தத் தீர்ப்பு சரியா என்று ஊரே இரண்டுபட்டு வாதாடினோம். முயலைப் பற்றி வாதாட ஒரு ஆள் வரவில்லை. வதைத் தடுப்புச் சட்டமும் தன் பங்குக்கு மெத்தனம்: முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய், பல பத்தாண்டுகளுக்கு முன் வைத்த தொகை. ஒரு குட்டியின் விலையைவிட அதை வதைத்ததற்கான அபராதம் குறைவு. அதனால்தான் சட்டத்தை நம்பி இந்தக் கட்டுரையை முடிக்க முடியவில்லை.

இன்னொரு பதில் உறைக்கிற பதில்: அப்படியானால் ஏழைகள் முயல் வளர்க்கக் கூடாதா? மேலே கேட்டவற்றைத் திரும்பப் பாருங்கள். அறுத்து உலர்த்திய புல், குடிதண்ணீர், வெயில் படாத மூலை, மண்பானை, காலையில் ஒரு நிமிடப் பார்வை. இவற்றில் எது பணக்காரர் சொத்து? மாடியில் ஆயிரக்கணக்கில் செலவழித்து வர்ணக் கூண்டு வாங்கி வைத்தவர் வீட்டில் முயல் வெந்து செத்திருக்கிறது. ஆடு மேய்க்கும் பாட்டி ஒருத்திக்கு வயிறு உப்பிய குட்டியைத் தூரத்திலிருந்தே தெரியும். பணம் தேவைப்படுவது மருத்துவத்துக்கு மட்டும். அதை எந்த வளர்ப்புப் பிராணிக்கும் தவிர்க்க முடியாது. இங்கே குறைவது காசு அல்ல, ‘இது எளிது’ என்ற எண்ணத்தால் நாம் கேட்காமல் விட்ட கேள்விகள்.

2018ஆம் ஆண்டு செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி முயல் விற்கும் கடையும் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது நான்கு கேள்வி கேளுங்கள். பதிவுச் சான்று எங்கே? குட்டிக்கு எத்தனை வாரம்? எட்டு வாரத்துக்குக் குறைந்தது என்றால் தாய்ப்பாலை விட்டுப் புல்லுக்குக் குடல் பழகியிருக்காது. இது ஆணா, பெண்ணா, எப்படித் தெரியும்? நோய் வந்தால் எந்த மருத்துவரிடம் போகச் சொல்கிறீர்கள்? பிறகு ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு இது என் வீட்டில் எங்கே இருக்கும்? ஐந்தில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரும்புங்கள். பிள்ளை அழும். அரை மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.